61 வெற்றி, ஒரு தோல்வி: ஓக்லஹோமா பெண்கள் அணி 2023இல் எப்படி ஜெயித்தது?

2023ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலில் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி 62 ஆட்டங்கள் ஆடியது. 61இல் ஜெயித்தது. தோற்ற அந்த ஒன்று பிப்ரவரி 19 அன்று, டெக்ஸஸ் மாநிலத்து வேகோ நகரில், பெய்லர் பல்கலைக்கழகத்திடம், 4-3 என்ற கணக்கில். அதன் பிறகு ஜூன் 8 அன்று கோப்பையைத் தூக்கும்வரை யாராலும் அவர்களைத் தோற்கடிக்க முடியவில்லை. தொடர்ந்து 53 வெற்றி. அதற்கு முன் இருந்த சாதனை, அரிசோனா பல்கலைக்கழகம் 1996, 1997 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து எடுத்த 47.

இப்படி ஓர் எண்ணிக்கையைப் பார்த்ததும் எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: "நாட்டிலுள்ள நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துவிட்டார்கள், அப்புறம் ஜெயிக்காமல் என்ன?" அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் திறமைசாலிகள் குவிந்த அணிகள் இந்த விளையாட்டில் முன்பும் இருந்திருக்கின்றன, தோற்றும் இருக்கின்றன. ஓக்லஹோமாவிடம் வித்தியாசமாக இருந்தது ஒன்றுதான். பந்து எறிகிற பாரத்தை அவர்கள் ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றவில்லை. அந்தப் பருவத்தின் மற்ற சிறப்புகளெல்லாம் இதற்கு அடுத்துதான் என்பது என் கருத்து.

இது புரிய ஆட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாஃப்ட்பால் 1887இல் சிகாகோவில், குளிர்காலத்தில் அரங்கத்துக்குள் ஆடும் பேஸ்பாலாகப் பிறந்தது. இன்று அது தனி ஆட்டம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். ஒன்பதுக்குப் பதில் ஏழு இன்னிங்ஸ். ரன் எடுக்க ஓடிச் சுற்றிவர வேண்டிய நிலைகளுக்கு பேஸ் என்று பெயர்; ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடி. பந்து எறியும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து மட்டை பிடிக்கும் பேட்டர் நிற்கும் இடம் வரை 43 அடி, அதாவது 13 மீட்டர் சொச்சம். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

அந்த 13 மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தால்தான் பேட்டரின் பாடு தெரியும். பிட்சர் கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கொண்டுவந்து, இடுப்பருகே மணிக்கட்டைச் சொடுக்கிப் பந்தை விடுகிறார். காலை முன்னால் நீட்டிப் பாய்ந்தபடியே எறிவதால், பந்து கையை விட்டு விலகும்போது பேட்டருக்கு இன்னும் சில அடி நெருங்கியிருக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய 0.4 நொடிகூட ஆகாது. அது கீழிருந்து புறப்பட்டு மேலேறிக்கொண்டே வரலாம், கடைசி நேரத்தில் தாழலாம், அதே கைச்சுழற்சியோடு மிகக் குறைந்த வேகத்திலும் வரலாம். எது வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய நேரமில்லை. பேட்டர் பாதி ஊகத்தில்தான் மட்டையைச் சுழற்றுகிறார்.

அதனால்தான் முதல் தடவை ஒரு நல்ல பிட்சரை எதிர்கொள்ளும்போது எந்தப் பேட்டரும் திணறுவார். இரண்டாவது தடவை கொஞ்சம் பிடிபடும். மூன்றாவது தடவை, அதுவும் பிட்சர் களைத்திருந்தால், ஊகம் சரியாக விழத் தொடங்கும். கீழ்க்கை வீச்சு பேஸ்பால் வீச்சு அளவுக்குத் தோளைப் பாதிக்காது என்ற நம்பிக்கை இந்த ஆட்டத்தில் ரொம்ப நாளாக உண்டு. அதனால் ஒரே பிட்சரை வைத்து மொத்தத் தொடரையும் ஓட்டுவது வழக்கமாக இருந்தது. காலையில் எறிந்தவரே மாலையிலும் எறிவார். அப்படி எறிந்து கோப்பை வாங்கித் தந்தவர்களும் உண்டு. அவர்களின் உரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேட்டர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு வீச்சையும் காணொளியில் அலசிவிட்டுக் களமிறங்குகிறார்கள். பழைய கணக்கு இப்போது எடுபடுவதில்லை.

ஓக்லஹோமா இதை நேரில் பார்த்தது 2021இல். கல்லூரி சாஃப்ட்பாலின் இறுதிக் கட்டத்துக்குப் பெண்கள் கல்லூரி உலகத் தொடர் என்று பெயர். 64 அணிகள் வடிகட்டப்பட்டு கடைசி எட்டு மட்டும் ஓக்லஹோமா சிட்டிக்கு வரும். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. கடைசி இரண்டு அணிகளுக்கு மூன்று ஆட்ட இறுதிச் சுற்று. அந்த ஆண்டு முதல்முறையாக அங்கே வந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம், முதல் ஆட்டத்திலேயே ஓக்லஹோமாவை 4-3 என்று சாய்த்தது. எறிந்தவர் ஒடிச்சி அலெக்சாண்டர். அந்தத் தொடரின் இன்னோர் ஆட்டத்தில், பந்தை எடுத்துக்கொண்டு தரையில் பாய்ந்து, ஓடிவந்த எதிரணி ஆட்டக்காரரை அவர் அவுட்டாக்கிய காட்சி அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. சில நாள் கழித்து அரையிறுதியில் அதே இரு அணிகள். அலெக்சாண்டர் மறுபடி எறிந்தார், ஓக்லஹோமா 6-3 என்று வென்றது. மறுநாள் மூன்றாவது சந்திப்பு: 7-1. திறமையில் குறைந்து அவர் தோற்கவில்லை. எதிரணி அவரை மூன்றாம் முறை பார்த்தது, அவ்வளவுதான். அந்தத் தொடரை முடித்தபோது ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அவரை அனுப்பிவைத்தார்கள். அந்தக் கைதட்டல் முழுக்க அவருக்கு உரியது. ஆனால் அந்த மூன்று ஸ்கோர்களைப் பார்க்கிற எந்தப் பயிற்சியாளருக்கும் சேதி விளங்கும்.

அந்த ஆண்டு கோப்பை ஓக்லஹோமாவுக்கே போனது. பருவம் முழுக்க 161 ஹோம் ரன் (பந்தை வேலியைத் தாண்டி அனுப்பும் அடி) அடித்திருந்தார்கள், அதுவும் சாதனை. அடுத்த ஆண்டு, 2022இல், மறுபடி கோப்பை. அந்த இரண்டாண்டும் பேச்செல்லாம் ஜோசலின் ஆலோவைப் பற்றித்தான். ஹவாயிலிருந்து வந்த அந்தப் பெண், தன் சொந்த மண்ணிலேயே 2022 மார்ச்சில் தன் 96ஆவது ஹோம் ரன்னை அடித்து, லாரன் சேம்பர்லேன் வைத்திருந்த 95 என்ற கல்லூரிச் சாதனையைத் தாண்டினார். சேம்பர்லேனும் ஓக்லஹோமா அணிக்கு ஆடியவர்தான். ஆலோ கல்லூரியை விட்டுப் போகும்போது கணக்கு 122.

பந்து எறிவதில் நடந்தது அதைவிட முக்கியம், ஆனால் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவி ஜோர்டி பால் 2022 பருவம் முழுக்க அசத்தினார். ஆனால் கோப்பைத் தொடர் நெருங்கும் நேரத்தில் கையில் வலி. வேறு அணியாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஓக்லஹோமாவிடம் ஹோப் டிராட்வைன் இருந்தார். நார்த் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். அங்கே ஒரே ஆட்டத்தில் எதிரணியின் 21 அவுட்டையும் ஸ்ட்ரைக்அவுட்டாகவே, அதாவது பேட்டருக்கு மூன்று ஸ்ட்ரைக் விழவைத்தே, எடுத்தவர். (அடிக்கத் தவறிய பந்தும், அடிக்காமல் விட்ட நல்ல பந்தும் ஸ்ட்ரைக்.) கூடவே நிக்கோல் மே. இவர்கள் இருவரும் பெரும்பகுதி பாரத்தைச் சுமக்க, ஜோர்டி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார். இறுதிச் சுற்றில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தை 16-1, 10-5 என்று நொறுக்கினார்கள்.

ஆக, 2023 தொடங்கும்போது ஆலோ இல்லை, டிராட்வைன் இல்லை. இந்த இடத்தில் விதிமுறைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டு அணி அமைந்த விதத்தில் விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2020 வசந்த காலத்தில் கொரோனாவால் பருவம் பாதியில் நின்றது. அதை ஈடுகட்ட, அப்போது ஆடிக்கொண்டிருந்த எல்லா மாணவிகளுக்கும் கூடுதலாக ஓர் ஆண்டு கொடுத்தார்கள். அதனால்தான் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்) கிரேஸ் லயன்ஸ் ஐந்தாம் ஆண்டாக அணியில் தொடர முடிந்தது. அடுத்து, 2021இலிருந்து ஒரு மாணவி ஒரு முறை கல்லூரி மாறினால், முன்போல ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை. மாறிய கையோடு ஆடலாம். மூன்றாவது, அதே ஆண்டு ஜூலையிலிருந்து மாணவ விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம் என்று ஆனது.

இந்த மூன்றும் சேர்ந்தபோது யாருக்கு லாபம்? ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான். மிச்சிகனிலிருந்து பிட்சர் அலெக்ஸ் ஸ்டொராகோ வந்தார். டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து ஹேலி லீ. அரிசோனா ஸ்டேட்டிலிருந்து சிட்னி சாண்டர்ஸ், அலைனா டோரஸ் இருவரும். ஓராண்டு முன்பே ஓரிகனிலிருந்து அலிசா பிரிட்டோ வந்திருந்தார். ஏற்கெனவே வீட்டிலிருந்தவர்கள் கேட்சர் கின்சி ஹான்சன், இரண்டாம் பேஸில் டியாரே ஜென்னிங்ஸ், சென்டர் ஃபீல்டில் ஜேடா கோல்மன், ரைலி பூன். மாறி வந்தவர்களை இழந்த கல்லூரிகளின் வருத்தம் நியாயமானது. ஒரு சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர் மூன்றாண்டு பாடுபட்டு வளர்த்த பெண் நான்காம் ஆண்டில் பெரிய இடத்துக்குப் போய்விடுகிறாள் என்றால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கமும் யோசிக்க வேண்டும். பெண்கள் சாஃப்ட்பாலுக்கு அமெரிக்காவில் நிலையான தொழில்முறைப் போட்டி அப்போது இல்லாத குறை. இருந்த பழைய லீக் 2021இல் மூடப்பட்டது. 22 வயதுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு இந்த ஆட்டமே முடிந்துவிடும். கையிலிருக்கும் கடைசி ஓராண்டை எங்கே ஆடுவது என்று அவள் முடிவு செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களை வைத்துப் பயிற்சியாளர் பேட்டி கேஸோ என்ன செய்தார்? பந்து எறிவதை மூன்றாகப் பங்கு போட்டார்: ஜோர்டி, நிக்கோல் மே, ஸ்டொராகோ. பிட்சர்களுக்கான பயிற்சியாளர் ஜெனிஃபர் ரோச்சா, இதே கல்லூரியில் கேஸோவிடம் ஆடியவர். மூவரும் மூன்று விதம். ஜோர்டியிடம் வேகமும் மூர்க்கமும். ஸ்டொராகோவிடம் ஏறிவரும் பந்து. மே நிதானமாக மூலைகளைத் தேடி எறிபவர். எதிரணிப் பேட்டர் ஒருவரிடம் பழகி முடிப்பதற்குள் இன்னொருவர் வந்து நிற்பார். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு சராசரியாக ஒரு ரன்கூட இந்தப் பிட்சர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து இன்னிங்ஸ் முடிந்ததும் எட்டு ரன் முன்னிலை இருந்தால் ஆட்டம் அத்தோடு முடியும் என்பது விதி. ஓக்லஹோமாவின் பல ஆட்டங்கள் அப்படித்தான் சீக்கிரமே முடிந்தன.

சீக்கிரம் முடிந்த ஆட்டங்களை வைத்து ஓர் அணியை எடைபோட முடியாது. அந்த ஆண்டின் உண்மையான எடை மே 27 அன்று தெரிந்தது.

கடைசி எட்டுக்குள் நுழைவதற்கான சுற்று அது. இடம் நார்மன், ஓக்லஹோமாவின் சொந்த மைதானம். எதிரணி கிளெம்சன். 2020இல்தான் சாஃப்ட்பால் அணியே தொடங்கிய கல்லூரி. ஆனால் அவர்களிடம் வேலரி கேகில் இருந்தார். எறிவதிலும் அடிப்பதிலும் ஒருசேரச் சிறந்தவர், அந்த ஆண்டின் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். முந்தைய நாள் முதல் ஆட்டத்தை ஓக்லஹோமா 9-2 என்று சுலபமாக வென்றிருந்தது. இரண்டாவதில் நிலைமை தலைகீழ். ஏழாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி இன்னிங்ஸ், ஓக்லஹோமா 4-7 என்று பின்னால். இரண்டு அவுட் போய்விட்டது, மூன்றாவதோடு இன்னிங்ஸ் முடியும். இரண்டு பேர் பேஸில். மட்டையோடு நிற்பவர் ஹான்சன். அவருக்கும் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக். அது விழுந்தால் பருவம் முடியாது, மறுநாள் மூன்றாவது ஆட்டம் உண்டு. ஆனால் தொடர் வெற்றி 47இலேயே நின்றிருக்கும். அரிசோனாவின் கணக்கோடு சமமாக, தாண்டாமல். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பேட்டர் வழக்கமாக மட்டையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது பந்தைத் தொட்டால் போதும் என்று ஆடுவார். ஹான்சன் முழுதாகச் சுழற்றினார். பந்து வேலியைத் தாண்டிப் போனது. மூன்று ரன், 7-7. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜென்னிங்ஸ் அடித்த ஹோம் ரன்னில் 8-7. ஏழு ரன் விட்டுக்கொடுத்த அன்றுகூட இந்த அணி தோற்கவில்லை. அந்த வெற்றிதான் 48ஆவது. சாதனை முறிந்தது அந்த மாலையில்தான்.

எனக்கு இந்த ஆட்டம் இறுதிப்போட்டியைவிடப் பெரிதாகப் படுகிறது. மூன்று மாதமாகத் தோல்வியே காணாத அணிக்கு, தோற்கும் நிலையில் எப்படி ஆடுவது என்ற பழக்கமே விட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு வெற்றியும் அடுத்த ஆட்டத்தின் பயத்தைக் கூட்டும். "இன்றைக்குத்தானா அது?" என்ற கேள்வியோடுதான் தினமும் களமிறங்க வேண்டும். கிளெம்சன் ஆட்டம் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே ஒரு பதிலைக் கொடுத்துவிட்டது. கடைசி ஸ்ட்ரைக் வரை போய் மீண்டவர்களுக்கு அடுத்துவந்த இரு வாரங்களில் எந்த நிலைமையும் புதிதாக இருந்திருக்காது.

உலகத் தொடரில் முதல் எதிரி ஸ்டான்ஃபோர்ட். அங்கே நைஜேரி கனடி என்ற முதலாண்டு மாணவி. அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தை அதற்குமுன் அதிகம் பேர் பார்த்ததில்லை. முதல் சந்திப்பில் ஓக்லஹோமா 2-0 என்று தப்பியது. நடுவில் டென்னசியை 9-0 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் மறுபடி ஸ்டான்ஃபோர்ட். ஏழு இன்னிங்ஸில் தீரவில்லை. ஒன்பதாவதில் ஜென்னிங்ஸ் அடித்த ஒரே அடியில் இரண்டு ரன் வந்து, 4-2. கூடுதல் இன்னிங்ஸ்களில் ஜென்னிங்ஸ் அடித்த அடிகள் அந்த இரு வாரங்களில் இரண்டு முறை ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தன. ஆலோ இருந்தபோது அவர் நிழலில் நின்றவர் இவர்.

இறுதிச் சுற்றில் எதிரே ஃபுளோரிடா ஸ்டேட். ஜூன் 7, முதல் ஆட்டம், ஜோர்டி எறிந்தார், எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை, 5-0. ஜூன் 8 அவ்வளவு சுலபமாக இல்லை. தொடக்கத்திலேயே ஃபுளோரிடா ஸ்டேட் அடித்த ஒரு பந்து வேலியைத் தாண்டும் உயரத்தில் போனது. கோல்மன் பின்னோக்கி ஓடி, வேலியோரம் எகிறி, கையை மேலே நீட்டி அதைப் பறித்துக்கொண்டு வந்தார். அது ஹோம் ரன் ஆகியிருந்தால் அன்றைய ஆட்டத்தின் போக்கே வேறு. பிறகு மாக் லெனார்ட் ஒரு ஹோம் ரன் அடிக்க, ஃபுளோரிடா ஸ்டேட் 1-0 என்று முந்தியது. எறிந்துகொண்டிருந்த கேத்ரின் சாண்டர்காக் அதுவரை ஓக்லஹோமாவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் சாண்டர்ஸ் ஒரு ஹோம் ரன், சமன். அடுத்து லயன்ஸ் ஒரு ஹோம் ரன், முன்னிலை. அரிசோனா ஸ்டேட்டிலிருந்து அந்த ஆண்டுதான் வந்தவர் ஒருவர், ஐந்து ஆண்டாக ஓக்லஹோமாவிலேயே இருந்தவர் ஒருவர். விதிகள் எப்படி இந்த அணியை உருவாக்கின என்று மேலே சொன்னேனே, அதன் இரண்டு பக்கமும் அடுத்தடுத்து வந்து அடித்தன. ஆட்டத்தின் பின்பகுதிக்கு ஜோர்டி வந்து கதவைச் சாத்தினார். 3-1.

அந்தத் தொடர் முழுக்க ஜோர்டி எறிந்தது 24 இன்னிங்ஸும் மூன்றில் இரண்டு பங்கும். விட்டுக்கொடுத்த ரன் பூஜ்யம். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. இதைப் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, கடைசியில் ஒருத்திதானே ஜெயித்துக் கொடுத்தாள்?" என்று கேட்கலாம். ஆனால் அவர் அப்படி எறிய முடிந்ததே, பிப்ரவரியிலிருந்து மே மாதம் வரை பாரத்தை நிக்கோல் மே, ஸ்டொராகோ இருவரும் பகிர்ந்துகொண்டதால்தான். ஓராண்டு முன் அதே கை இதே நேரத்தில் வலித்துக் கிடந்தது. 2023 ஜூனில் அது புதிதாக இருந்தது.

இறுதிச் சுற்றுக்கு முன் செய்தியாளர் சந்திப்பில் ஒருவர், இவ்வளவு எதிர்பார்ப்பின் நடுவே ஆட்டத்தில் மகிழ்ச்சியை எப்படித் தக்கவைக்கிறீர்கள் என்று கேட்டார். லயன்ஸ், கோல்மன், பிரிட்டோ மூவரும் தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசினார்கள். சாஃப்ட்பாலில் கிடைக்கும் மகிழ்ச்சி நிலைக்காது, அதனால் அதை நம்பித் தாங்கள் ஆடவில்லை என்பது சாரம். அமெரிக்காவில் அந்தப் பதில் பெரிதாகப் பரவியது, பலர் பலவிதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் பக்தி அவருடைய சொந்த விஷயம். ஆட்டத்தின் கோணத்தில் நான் அதில் பார்ப்பது வேறு: தோல்வி வந்தாலும் தாங்கள் நொறுங்க மாட்டோம் என்று 21, 22 வயதுப் பெண்கள் மனதார நம்பினார்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் மட்டையை முழுதாகச் சுழற்ற அந்த நம்பிக்கை வேண்டும்.

கேஸோ ஓக்லஹோமாவுக்கு வந்த காலத்தைப் பார்த்தால், இந்த உயரம் எவ்வளவு தூரத்திலிருந்து ஏறியது என்பது தெரியும். கலிஃபோர்னியாவில் லாங் பீச் சிட்டி கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த அவர், குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு நார்மனுக்கு வந்தார். முதல் பருவம் 1995. அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. ரீவ்ஸ் பார்க் என்ற நகரப் பொதுப் பூங்காவில், உள்ளூர்க்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஆடும் இடத்தில்தான் ஆட்டம். கல்லூரி வளாகத்தில் மைதானம் வந்தது 1998இல். அதற்கு மாரிட்டா ஹைன்ஸின் பெயர் வைத்தார்கள். அவர் முன்னாள் பயிற்சியாளர், கேஸோவை அங்கே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். இரண்டே ஆண்டில், 2000இல், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை 3-1 என்று வென்று முதல் கோப்பை. 1982இல் இந்தப் போட்டி இன்றைய அமைப்பின் கீழ் வந்ததிலிருந்து கலிஃபோர்னியாவும் அரிசோனாவும் பெரும்பாலும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட கோப்பை அது. ஆனால் அடுத்த கோப்பைக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 13 ஆண்டு! இன்று ஓக்லஹோமாவை யாராலும் வெல்ல முடியாத கோட்டையாகப் பேசுபவர்கள் அந்த 13 ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

அடிப்படை வசதிகளுக்கான சண்டையும் இந்தக் கதைக்குள் வரும். 1972இல் அமெரிக்காவில் வந்த டைட்டில் ஒன்பது என்ற சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின பேதம் கூடாது என்றது. கல்லூரிப் பெண்கள் விளையாட்டு இன்று இருக்கும் நிலைக்கு அதுதான் அடித்தளம். ஆனால் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்து, 2021 உலகத் தொடரின்போது, அந்த மைதானத்தில் ஆட்டம் முடிந்த பெண்கள் குளிக்க வசதியில்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டிய நிலை, ஓய்வு நாள் இல்லாத அட்டவணை. ஓர் ஆட்டம் முடியும்போது விடியற்காலை இரண்டு மணி தாண்டிவிட்டது. ஆண்கள் பேஸ்பால் தொடருக்குக் குளிக்கும் வசதியும் ஓய்வு நாளும் இருந்தன. இத்தனைக்கும் அந்த ஆண்டு பெண்கள் தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் சராசரி ஆண்கள் தொடரைவிட அதிகம். கேஸோ வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். கோப்பை வாங்கிய பயிற்சியாளர் கேட்டதால் அதற்கு எடை இருந்தது. 2022 முதல் அட்டவணை மாறியது. 2023இல் அரையிறுதிக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே ஜூன் 6 ஓய்வு நாளாக இருந்ததே, அது இப்படி வந்ததுதான். ஸ்டான்ஃபோர்டுடன் ஒன்பது இன்னிங்ஸ் ஆடிய அணிக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம்!

கோப்பை வாங்கிய சில நாளிலேயே ஜோர்டி, சொந்த மாநிலமான நெப்ராஸ்காவின் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போவதாக அறிவித்தார். நாட்டின் சிறந்த பிட்சர் போனபின் ஓக்லஹோமா சரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2024 மார்ச்சில், புதிதாகத் திறந்த லவ்ஸ் ஃபீல்ட் மைதானத்தில், லூசியானாவிடம் 7-5 என்று தோற்றபோது அது நடக்கத் தொடங்கிவிட்டது போலவே இருந்தது. அதற்குள் தொடர் வெற்றி 71 ஆகியிருந்தது. ஆனால் அந்த ஆண்டும் கோப்பை அவர்களுக்கே, இறுதியில் டெக்ஸஸை 8-3, 8-4 என்று வென்று. தொடர்ந்து நான்கு கோப்பை இதற்குமுன் எந்தக் கல்லூரியும் வாங்கியதில்லை. யுசிஎல்ஏ 1988 முதல் 1990 வரை மூன்று வாங்கியதுதான் அதிகபட்சம். 2024 தொடரின் சிறந்த ஆட்டக்காரர், பக்கத்துப் போட்டிக் கல்லூரியான ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து அந்த ஆண்டு மாறி வந்த பிட்சர் கெல்லி மேக்ஸ்வெல். ஜோர்டியோ நெப்ராஸ்காவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்தார்.

2025இல் ஐந்தாவது கோப்பைக் கனவைக் கலைத்தது கனடி. 2023 அரையிறுதியில் ஒன்பது இன்னிங்ஸ் போராடித் தோற்ற ஸ்டான்ஃபோர்ட் அணியின் அதே பெண். அப்போது அவர் டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தில், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் விளம்பர ஒப்பந்தத்தோடு. அரையிறுதியில் ஓக்லஹோமாவை 3-2 என்று வீழ்த்தினார். அந்த உலகத் தொடரில் அதுவரை தன் அணிக்காக ஒவ்வொரு பந்தையும் அவரேதான் எறிந்திருந்தார். இறுதிச் சுற்று மூன்றாவது ஆட்டம் வரை போனது. அவரைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய டெக்ஸஸ், முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் எடுத்தது. 10-4 என்று முடிந்த ஆட்டத்தில் டெக்ஸஸ் தன் முதல் கோப்பையை வாங்கியது. அந்தக் கோடையிலேயே டெக்ஸஸ் டெக், யுசிஎல்ஏவிலிருந்து கேட்லின் டெர்ரி என்ற இன்னொரு பிட்சரைக் கூட்டிக்கொண்டு வந்தது.